ஆவணப்படம்: ஜப்பானில் ‘கிரோக்கு எய்கா’

‘டாக்குமெண்டரி’யின் வேர் ‘கற்பி’ என்று பொருள்படும் லத்தீன் வினைச்சொல். பாடம், சான்று என்ற பொருள்களைக் கடந்து, ஸ்காட்லாந்துக்காரரான ஜான் கிரியர்சன் 1926இல் எழுதிய ஒரு திரை விமர்சனத்துக்குப் பிறகு அது ஒரு படவகையின் பெயராக நிலைத்தது.

இதற்குத் தமிழில் எந்தப் பெயர் பொருந்தும் என்று பார்க்க, ஜப்பானிய வழக்கிலிருந்து தொடங்கலாம். ஜப்பானியர் இதைக் ‘கிரோக்கு எய்கா’ என்கிறார்கள். கிரோக்கு என்றால் பதிவு, எய்கா என்றால் திரைப்படம். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு அங்கே ஓங்கியிருந்த பெயர் வேறு: ‘புன்கா எய்கா’, அதாவது பண்பாட்டுப் படம். ஜெர்மானியச் சொல்லைப் பார்த்து அமைத்துக்கொண்டது. 1939இல் வந்த திரைப்படச் சட்டம் இவ்வகைப் படங்களைத் திரையரங்குகள் காட்டியே ஆகவேண்டும் என்றது. அதே ஆண்டு இயக்குநர் கமேய் ஃபுமியோ, சீனப் போர்முனையில் களைத்துக் கிடந்த சிப்பாய்களைப் படமாக்கினார். அந்தப் படத்தைத் திரையிட விடவில்லை. 1941இல் அவரையும் கைது செய்தார்கள். அரசு விரும்பியதைக் காட்டுவதற்கும் கண்டதைப் பதிவதற்கும் உள்ள தூரம் இந்த ஒரு நிகழ்விலேயே தெரிகிறது.

பதிவு என்ற சொல்லுக்கு முழுப் பொருள் எது என்று கேட்டால், நான் இயக்குநர் சுச்சிமோட்டோ நோரியாக்கியின் மினமாட்டா படங்களைத்தான் காட்டுவேன். கியூஷு தீவின் மினமாட்டா விரிகுடாவில் சிஸோ என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆலைக்கழிவோடு பாதரசமும் கலந்தது. மீன் தின்றவர்களின் நரம்புகள் கெட்டன. நோய் 1956இலேயே அதிகாரபூர்வமாகத் தெரிந்துவிட்டது. காரணத்தை அரசு ஒப்புக்கொண்டதோ 1968இல். 1971இல் வந்த முதல் நீள்படத்தில் ஒரு முதியவர் ஆழமில்லாத கடலில் இறங்கிக் ஆக்டோபஸ் பிடிக்கிறார். பிடித்ததைப் பல்லால் கடித்துக் கொல்கிறார். அவர் முகத்தில் அப்படி ஒரு லயிப்பு! விஷம் கலந்த கடல்தான், ஆனால் அவருடைய வாழ்வும் அதுதான். அப்புறம் ஒசாகாவில் நடந்த பங்குதாரர் கூட்டம். நோயாளிகள் ஆளுக்கொரு பங்கு வாங்கி, யாத்திரிகர்களின் வெள்ளை உடையில் உள்ளே போய், நிறுவனத் தலைவரை நேருக்கு நேர் கேட்கிறார்கள்.

டோக்கியோவுக்கு அருகே நரிட்டா விமான நிலையத்துக்கு நிலம் தர மறுத்த உழவர்களோடு தங்கிப் படமெடுத்த இயக்குநர் ஒகாவா ஷின்சுகேயின் குழுவும் இந்த மரபுதான். பிறகு வட ஜப்பானின் யமகட்டாவுக்குக் குடிபெயர்ந்து, தாங்களே நெல் பயிரிட்டு, அந்த வயலையும் படமாக்கினார்கள். அதே யமகட்டாவில் 1989 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை பன்னாட்டு ஆவணப்பட விழா நடக்கிறது.

சரி, தமிழில் எது பொருத்தம்? இலங்கையில் ‘விவரணப்படம்’ என்றும் வழங்குகிறது. ஆனால் ஜப்பானிய இயக்குநர் சோடா கசுஹிரோ போன்றவர்களின் படங்களில் பின்னணிக் குரலே கிடையாது, இசையும் கிடையாது. எதையும் விவரிக்காத படத்துக்கு அந்தப் பெயர் ஒட்டவில்லை. ‘செய்திப்படம்’ என்பது வேறு வகை.

‘ஆவணம்’ பழைய இலக்கியத்தில் கடைத்தெருவைக் குறித்தது. உரிமையை நிறுவும் ஓலைக்கும் அதுவே பெயர். பெரியபுராணத்தில் சுந்தரரின் திருமணத்தைத் தடுக்க வந்த முதியவர் கையில் இருந்தது அத்தகைய ஆவணம்தான். வழக்கில் முன்வைக்கத்தக்க சான்று என்ற அந்தப் பொருள் மினமாட்டா படங்களுக்கு அப்படியே பொருந்துகிறது. அதனால் கிரோக்கு எய்கா என்பதற்கு ‘ஆவணப்படம்’ என்றே எழுதலாம். சோடா தம் படங்களுக்கு வைத்துள்ள ‘கன்சாட்சு எய்கா’ என்ற பெயரை ‘உற்றுநோக்கல் படம்’ எனலாம்.