மார்க்கீ வீரர்: சொல் வந்த வழியும் தமிழில் அதற்கு நேரான சொல்லும்

கால்பந்து அணி ஒன்று புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும்போது, விளையாட்டுச் செய்திகளில் 'மார்க்கீ பிளேயர்' என்ற தொடர் தவறாமல் வந்துவிடுகிறது. சூப்பர் ஹீரோ படம் ஒன்றுக்கு யார் யார் ஒப்பந்தமாகியிருக்கிறார்கள் என்று திரைத்துறையினர் பேசும்போதும் 'மார்க்கீ நேம்' என்று அதே சொல்லைத்தான் ஆளுகிறார்கள். தமிழில் எழுதுவோர் இதனை 'நட்சத்திர வீரர்' என்றோ 'பிரபல வீரர்' என்றோ மாற்றிவிட்டுக் கடந்துபோகின்றனர். அவ்விரண்டும் பிழையான சொற்கள் அல்ல. ஆனால் 'மார்க்கீ' என்ற சொல்லுக்குள் இருக்கும் ஒரு பொருள் அவற்றில் முற்றிலுமாக விடுபட்டுப் போகிறது. பந்தாட்டமும் சினிமாக் கொட்டகையும் ஒருசேரத் தழைத்த வடசென்னையில் இருப்பவர்களுக்கு அந்த விடுபட்ட பொருள் அந்நியமானதன்று.

சொல்லின் வேர் 'மார்க்' என்பதாகும். பழைய ஜெர்மானிய மொழிகளில் அதற்கு எல்லை, எல்லைப்புற நிலம் என்று பொருள். டென்மார்க் என்ற நாட்டுப் பெயரின் பின்பாதியில் அது இன்றும் நிற்கிறது. எல்லைப்புறத்தைக் காக்கும் பொறுப்பை ஏற்ற குறுநிலத் தலைவன் பிரெஞ்சு மொழியில் 'மார்க்கீ' ஆனான். அவன் மனைவி 'மார்க்கீஸ்' எனப்பட்டாள். படைத்தலைவர்கள் பாளையம் இறங்கும் இடத்தில், உயர்நிலையில் இருப்பவரின் கூடாரம் இன்னது என்று தொலைவிலிருந்தே தெரியும்படி அதன்மீது ஒரு துணி விதானத்தைக் கூடுதலாகக் கட்டும் வழக்கம் இருந்தது. அந்த விதானத்துக்கும் 'மார்க்கீஸ்' என்றே பெயர் வந்தது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் இச்சொல்லை எடுத்துக்கொண்டபோது, கடைசியில் ஒலிக்கும் 'ஸ்' பன்மை விகுதி என்று எண்ணி அதனை நீக்கிவிட்டு, ஒருமைக்கு 'மார்க்கீ' என்று வைத்துக்கொண்டனர். பழத்தின் பெயரான செர்ரியும் இதே வகையில், பிரெஞ்சிலிருந்து வந்த 'ஸ்' ஒலியை இழந்து உருவான சொல்தான்.

இங்கிலாந்தில் இன்றும் மார்க்கீ என்றால் விருந்துக்கும் திருமணத்துக்கும் போடும் பெரிய துணிக்கூடாரம்; நம் தெருக்களில் வாடகைக்கு எடுத்துப் போடும் சாமியானாதான் அது. அமெரிக்காவில் பொருள் வேறு திசையில் சென்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாடக அரங்குகளின் வாசலுக்குமேல் நடைபாதையை மறைத்து நீண்டிருக்கும் கூரைக்கு அங்கே இப்பெயர் வந்தது. அக்கூரையின் விளிம்பில் விளக்குகள் சூழ அன்றைய நாடகத்தின் பெயரும் படத்தின் பெயரும் நடிப்பவர் பெயரும் எழுதப்பட்டன. எல்லா நடிகர்களின் பெயரையும் அங்கே எழுத இடம் இல்லை. யார் பெயரைப் பார்த்தால் தெருவில் போகிறவர் நின்று நுழைவுச்சீட்டு வாங்குவாரோ, அவர் பெயர் மட்டுமே அங்கே ஏறும். இதிலிருந்துதான் 'மார்க்கீ நேம்' பிறந்தது. ஒருவர் எவ்வளவு நன்றாக நடிக்கிறார் என்பதையோ எவ்வளவு நேரம் மேடையில் நிற்கிறார் என்பதையோ இச்சொல் கணக்கில் கொள்வதில்லை. அவர் பெயர் வாசலில் தொங்குகிறது. அப்பெயருக்காக ஆள் வருகிறது. அவ்வளவே இதன் பொருள். (இணையப் பக்கங்களில் எழுத்துகள் வரிசையாக ஓடும் அமைப்புக்கு எச்டிஎம்எல் மொழியில் இதே பெயர் இடப்பட்டதும் இந்த வாசல் எழுத்துகளின் நினைவால்தான்.)

தமிழ்நாட்டு நாடக உலகம் இந்த ஏற்பாட்டை நன்கு அறிந்திருந்தது. ஸ்பெஷல் நாடகம் என்று சொல்லப்பட்ட முறையில் நிலையான குழு என்று ஒன்று இல்லை. ராஜபார்ட் ஒருவர், ஸ்திரீபார்ட் ஒருவர், பபூன் ஒருவர் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி, தனித்தனியே தொகை முடித்து, ஓர் இரவுக்காகச் சேர்ப்பார்கள். வள்ளி திருமணமோ பவளக்கொடியோ எல்லோருக்கும் மனப்பாடமான கதை. ஆகவே இன்று யார் யார் மோதுகிறார்கள் என்று நோட்டீசில் அச்சிடப்பட்ட பெயர்களைப் பார்த்துத்தான் கூட்டம் சேரும். எஸ்.ஜி. கிட்டப்பாவின் பெயரும் கே.பி. சுந்தராம்பாளின் பெயரும் ஒரே நோட்டீசில் வந்தால் அதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. வால்டாக்ஸ் சாலையில் இருந்த ஒற்றைவாடைக் கொட்டகையில் தொடங்கி, பின்னாளில் மின்ட் எனப்படும் தங்கசாலை, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, பெரம்பூர் எங்கும் எழுந்த திரையரங்குகள் வரை, வடசென்னையின் கொட்டகை வாசல்கள் யாவும் பெயரால் ஆளை இழுத்த வாசல்களே. தண்டையார்பேட்டை அகஸ்தியா 2020இல் மூடப்பட்ட பிறகும், அந்த வழியாகப் போகும் பேருந்தில் 'அகஸ்தியா ஸ்டாப்பிங்' என்று கேட்டு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

நட்சத்திரம் என்பதும் மார்க்கீ என்பதும் எங்கே பிரிகின்றன என்பதைச் சூப்பர் ஹீரோ படங்கள் மிகத் தெளிவாகக் காட்டுகின்றன. 1978இல் வெளிவந்த சூப்பர்மேன் படத்தில் சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவின் பெயர் மூன்றாவதாகத்தான் வந்தது. முதலில் மார்லன் பிராண்டோ, அடுத்து ஜீன் ஹேக்மன். பிராண்டோ அதில் நாயகனின் தந்தையாகச் சிறிது நேரமே வருகிறார்; ஆயினும் அவருக்குத் தரப்பட்ட தொகை 37 லட்சம் டாலர், அதற்குமேல் வசூலிலும் பங்கு. ரீவை அன்று யாருக்கும் தெரியாது. ஆகையால் பறக்கும் வேலை அவருக்கு, வாசலில் நிற்கும் வேலை பிராண்டோவுக்கு என்று பிரிந்துபோயிற்று. 1989இல் பேட்மேன் படத்திலும், பேட்மேனாக நடித்த மைக்கேல் கீட்டனுக்கு முன்னால், வில்லனாக வந்த ஜாக் நிக்கல்சனின் பெயரே இடம்பெற்றது. கதையின் நாயகன் யார் என்ற கேள்விக்கும் மார்க்கீ யார் என்ற கேள்விக்கும் விடை ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்பதற்கு இவற்றைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

2019இல் அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம் படத்தின் தமிழ்ப் பதிப்புக்கு ஏ.ஆர். முருகதாஸ் வசனம் எழுதினார். அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். அந்தக் குரல் பொருந்தியதா என்று அன்று பெரிய விவாதமே நடந்தது. அவ்விருவரையும் அழைத்ததன் நோக்கம் வாசலில் ஒரு தமிழ்ப் பெயரை ஏற்றுவதுதான் என்பது என் கருத்து. அண்மைக் காலமாகத் திரைநிறுவனங்கள் கால்பந்து அணிகளைப் போலவே பெயர்களை வெளியிடுகின்றன. 2024 ஜூலையில் சான் டியாகோவில் நடந்த விழாவில் முகமூடியைக் கழற்றி, அயர்ன் மேனாக நடித்த ராபர்ட் டவுனி ஜூனியர் 'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே' படத்தில் வில்லனாகத் திரும்பி வருவதை மார்வெல் அறிவித்தது. 2025 மார்ச்சில் அதே படத்துக்காக, முதுகில் நடிகர் பெயர் எழுதிய நாற்காலிகளை ஒவ்வொன்றாக ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக நேரலையில் காட்டியது. புது ஆட்டக்காரரின் சட்டை எண்ணை மைதானத்தில் தூக்கிக் காட்டும் வழக்கத்துக்கும் இதற்கும் வேறுபாடு மிகக் குறைவு.

கால்பந்தில் இச்சொல் வெறும் புகழ்ச்சியாக மட்டும் நிற்காமல், விதிமுறைச் சொல்லாகவும் மாறியது. ஆஸ்திரேலியாவின் ஏ-லீக் 2005இல் தொடங்கியபோது ஒவ்வொரு அணிக்கும் ஊதிய உச்சவரம்பு வைக்கப்பட்டது. ஆனால் மார்க்கீ என்று அணி அறிவிக்கும் ஆட்டக்காரரின் ஊதியம் அந்த வரம்புக்குள் சேராது. மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு ஆடிப் புகழ்பெற்றிருந்த டுவைட் யார்க்கை சிட்னி அணி அவ்வாறுதான் எடுத்தது. அமெரிக்காவில் 2007இல் டேவிட் பெக்காம் லாஸ் ஏஞ்சலிஸ் அணிக்கு வந்தபோது இதே விதிவிலக்கு வேறு பெயரில் கொண்டுவரப்பட்டு, மக்கள் வாயில் 'பெக்காம் விதி' ஆயிற்று. 2012இல் சிட்னி அணியின் மார்க்கீயாக ஆடிய அலெஸ்ஸாண்ட்ரோ டெல் பியரோ, 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது டெல்லி அணியின் மார்க்கீயாக இங்கே வந்தார். ஸ்பெயினில் ரியல் மாட்ரிட் அணி 2000 முதல் ஃபிகோ, ஜிடான், ரொனால்டோ, பெக்காம் என்று ஆண்டுக்கொருவராகச் சேர்த்தபோது அவர்களைக் 'கலாக்டிகோ', அதாவது விண்மீன் மண்டலத்தார், என்று அழைத்தனர். நட்சத்திரம் என்ற உருவகம் உண்மையில் அந்தச் சொல்லுக்கே உரியது; மார்க்கீக்கு உரியதன்று.

சென்னையின் எஃப்.சி. அணிக்கு முதல் மார்க்கீ பிரேசில் நாட்டு எலானோ. 2014 பருவத்தில் 8 கோல் அடித்து, தொடரிலேயே மிகுதியாகக் கோல் அடித்தவர் என்ற பரிசையும் பெற்றார். பெயரும் ஆட்டமும் அவரிடம் ஒன்றாகவே இருந்தன. அடுத்த ஆண்டு நடந்தது வேறு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நகரமே மூழ்கி, அரையிறுதியின் சொந்த மைதான ஆட்டத்தைப் புனேவுக்குக் கொண்டுபோக வேண்டிவந்த அந்தப் பருவத்தில், மார்க்கீ எலானோவாகவே இருக்க, 13 கோல் அடித்தவர் கொலம்பியாவின் மென்டோசா. கோவாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் 2-1 என்று பின்தங்கியிருந்த சென்னை கடைசி நிமிடங்களில் சமன் செய்தது; கூடுதலாகக் கொடுக்கப்பட்ட நேரத்தில் வெற்றிக்கோலை அடித்தவரும் மென்டோசாதான். அவரை நட்சத்திர வீரர் என்று எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் அவரை மார்க்கீ வீரர் என்று எழுதினால் அது தகவல் பிழை. 2017–18 பருவத்தில் கோப்பை வென்ற சென்னை அணியின் நடுக்களத்தில் ஆடிய தனபால் கணேஷ் வியாசர்பாடியில் வளர்ந்தவர். முல்லை நகரிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் பந்து உதைக்கும் பிள்ளைகளுக்கு அவர் எந்த வெளிநாட்டு மார்க்கீக்கும் குறைந்த நட்சத்திரம் அல்லர். இரு சொற்களையும் பிரித்து வைத்தால்தான் இதைச் சொல்லவே முடியும்.

வடசென்னையில் நடக்கும், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்துப் போட்டிகளிலும் இந்த ஏற்பாடு உண்டு. உள்ளூர்ப் பையன்களைக் கொண்ட அணி, ரயில்வேக்கோ வங்கிக்கோ ஆடும் ஒருவரை அந்தப் போட்டிக்கு மட்டும் அழைத்துவரும். அவரைக் 'கெஸ்ட் பிளேயர்' என்பார்கள். தெருமுனையில் கட்டும் ஃபிளெக்ஸில் மற்றவர்களின் முகங்கள் தபால்தலை அளவில் கீழே வரிசையாக இருக்க, அவர் படம் மட்டும் இடுப்பளவுக்குப் பெரிதாக இருக்கும். 'கெஸ்ட்' என்ற சொல் அவர் வெளியாள் என்பதை மட்டுமே சொல்கிறது. அவர் வருவதால் கூட்டம் வரும் என்பதை அந்த ஃபிளெக்ஸ்தான் சொல்கிறது.

இனித் தமிழ்ச் சொல்லைப் பார்ப்போம். 'நட்சத்திர வீரர்', 'விண்மீன் வீரர்' என்பன ஸ்டார் பிளேயருக்கு உரியவை. அவற்றை அங்கேயே விட்டுவிடலாம். 'முதன்மை வீரர்' என்றால் அணித்தலைவர் என்று மயங்க நேரும். 'முத்திரை வீரர்' என்பது ஒலிநயம் உடையது. ஆயினும் முத்திரை பதித்தல் என்பது ஏற்கெனவே செய்துகாட்டிய சாதனையைக் குறிப்பது. 'விதானம்' என்ற பழஞ்சொல் மனத்தை ஈர்க்கிறது: சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடும் அரங்குக்கு மேலே ஓவியம் தீட்டிய விதானம் கட்டப்பட்டிருக்கிறது. மார்க்கீயின் முதற்பொருளான துணிக்கவிகைக்கு இதைவிடச் சிறந்த சொல் இல்லை. ஆனால் 'விதான வீரர்' என்றால் இன்று யாருக்கும் எதுவும் விளங்காது.

நான் முன்வைப்பது 'முகப்பு' என்ற சொல். கட்டடத்தின் முன்பகுதிக்கு அது பெயர்; கொத்தனாரும் சொல்வார், வீட்டுக்காரரும் சொல்வார். தாலிச் சங்கிலியில் பக்கவாட்டில் வைத்துக் கோக்கும், கல் பதித்த அணிக்கும் அதுவே பெயர். சங்கிலியின் நீளமெல்லாம் ஒரே கண்ணியாக இருக்க, பார்ப்பவர் கண் முதலில் படும் இடம் அந்த முகப்புதான். நூலின் மேலட்டையை முகப்பட்டை என்கிறோம். இணையதளத்தின் முதற்பக்கத்தை முகப்புப்பக்கம் என்கிறோம். கட்டடத்தின் வாசல், கண்ணைக் கவரும் அணி என்ற இரு பொருளும் இயல்பாகவே ஒன்றுசேர்ந்திருக்கும் சொல் இது. ஆகவே திரையரங்கின் வாசற்கூரையை 'முகப்புப் பந்தல்' என்றும், அதில் ஏறும் பெயரை 'முகப்புப் பெயர்' என்றும், கால்பந்து அணியின் மார்க்கீயை 'முகப்பு வீரர்' என்றும் எழுதலாம். சிட்னியில் யார்க், சென்னையில் எலானோ முகப்பு வீரர்கள். 1978இன் சூப்பர்மேனில் முகப்பு நடிகர் பிராண்டோ, நாயகன் ரீவ். ஏலத்தில் முதலில் அழைக்கப்படும் 'மார்க்கீ செட்' என்பதை 'முகப்புப் பட்டியல்' என்று சொன்னால் கிரிக்கெட் ரசிகருக்கும் தடையின்றி விளங்கும். சாமியானாவை மட்டும் சாமியானா என்றே விட்டுவிட வேண்டும். பாரசீகத்திலிருந்து வந்து தெருவோடு தெருவாகக் கலந்துவிட்ட சொல் அது.

இந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் வினையிலும் கவனம் தேவை. 'அணி அவரைக் கையெழுத்திட்டது' என்று சில செய்திகளில் காண்கிறேன். அது தமிழே அன்று. தாளில்தான் கையெழுத்திட முடியும், ஆளில் முடியாது. திரையுலகில் 'புக் செய்தார்கள்', 'அட்வான்ஸ் கொடுத்தார்கள்', 'ஒப்பந்தமானார்' என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, சுங்கத்துறை என்று அலுவலக அணிகளுக்கு ஆளெடுப்பதைப் பார்த்தே வளர்ந்த பெரம்பூர், வியாசர்பாடிக்காரர்களின் வாயில் அது இன்னும் சுருக்கம்: 'கஸ்டம்ஸ்ல எடுத்துட்டாங்க'. எழுத்து வழக்கில் 'எலானோவை முகப்பு வீரராக ஒப்பந்தம் செய்தது' என்றோ, இடம் குறைவான தலைப்பில் 'முகப்பு வீரராக எலானோ' என்றோ எழுதிவிடலாம்.