எதிர்மூலையில் தொங்கிய இரண்டு சக்கரங்கள்

டர்பனிலிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் சானி பாஸ் அடிவாரத்துக்கு வந்துவிடலாம். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்திலிருந்து டிராக்கன்ஸ்பர்க் மலைமேல் லெசோத்தோ நாட்டுக்கு ஏறும் பாதை அது. உச்சி 2,876 மீட்டர். 90களில் வந்த என் பழைய மிட்சுபிஷி பஜேரோ, நான்கு சக்கரத்தையும் எஞ்சின் சுழற்றும் வண்டி, அந்தப் பாதையின் ஒரு கொண்டையூசி வளைவில் நின்றுவிட்டது. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் அதற்கு எதிர்மூலைச் சக்கரம், இரண்டும் தரையில் படாமல் சுழன்றன. தரையில் இருந்த மற்ற இரண்டும் அசையவே இல்லை. எஞ்சினில் சக்திக்குக் குறைவில்லை, ஆனால் வண்டி ஒரு விரற்கடைகூட நகரவில்லை.

இதற்குக் காரணம் டிஃபரன்ஷியல். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். அதற்காக இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பற்சக்கரக் கூட்டம்தான் டிஃப். வேகத்தை எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளும், ஆனால் முறுக்குவிசையை இரு பக்கமும் சமமாகத்தான் கொடுக்கும். சிக்கலே இந்தச் சமத்தில்தான். காற்றில் தொங்கும் சக்கரத்தைச் சுழற்றக் கொஞ்சம் விசை போதும். அந்தப் பக்கம் எவ்வளவு குறைவாக வாங்குகிறதோ, தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அவ்வளவுதான் கிடைக்கும். ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இந்தக் கணக்கு மாறாது. புதிய வண்டிகளில் கணினி அந்தச் சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் போட்டுப் பிடிக்கிறது. பழைய வண்டியில் அந்த வசதி இல்லை.

ஆகவே நமக்கு இரண்டு வழிதான். ஒன்று டிஃப்லாக். அதைப் போட்டால் இரு சக்கரமும் ஒன்றாகவே சுழலும், பிடிப்புள்ள சக்கரம் வண்டியை இழுத்துக்கொண்டு போகும். இந்த வகைப் பஜேரோக்களில் சிலவற்றுக்குப் பின்பக்க டிஃப்லாக் தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்தது. வாங்கப் போகும்போது அந்த ஸ்விட்ச் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு தனியாக வாங்கிப் பொருத்துவது பெரிய செலவு. இரண்டாவது வழி, சக்கரம் தரையை விட்டு எழும்பாமல் பார்த்துக்கொள்வது. நான் தவறு செய்தது இதில்தான்.

இந்த வண்டியின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பிதான் எடையைத் தாங்குகிறது. அதன் போல்ட்டைத் திருகினால் ஒரு மணி நேரத்தில், காசு செலவில்லாமல் முன்பக்கம் உயர்ந்துவிடும். நானும் திருகினேன். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் மெக்கானிக் வேலை பார்க்கும் மாமா வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"தம்பி, நீ வண்டியை உயர்த்தல. அதோட காலைக் கட்டிப்போட்டிருக்க."

அவர் சொன்னது சரி. சக்கரம் மேலும் கீழும் போகும் மொத்த தூரம் மாறுவதில்லை. கம்பியைத் திருகியதும் சக்கரத்தைத் தாங்கும் கை முன்கூட்டியே கீழே இறங்கி நிற்கிறது. அதனால் பள்ளம் வரும்போது இன்னும் இறங்க இடமில்லாமல் சக்கரம் காற்றில் தொங்கிவிடுகிறது. ஆக்ஸிலின் கோணம் கூடுவதால் அதன் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையும் சீக்கிரம் கிழியும். என் வண்டியில் இடதுபக்க உறையின் மடிப்பில் விரிசல் விட்டுக் கிரீஸ் கசிந்திருந்தது. போல்ட்டைப் பழையபடி தளர்த்தினோம். பின்னால் மட்டும் 40 மில்லிமீட்டர் உயரமான ஸ்பிரிங் மாட்டினோம், அதுவும் சாமான் ஏற்றினால் வண்டி உட்கார்ந்துவிடுகிறதே என்பதற்காக.

மிச்சப் பணம் டயருக்குப் போனது. ஆக்ஸிலுக்கு அடியில் உண்மையாகவே உயரம் கொடுப்பது டயர்தான். 245/70 ஆர்16 டயரின் விட்டம் ஏறத்தாழ 749 மில்லிமீட்டர், 265/75 ஆர்16 டயருக்கு 804. வித்தியாசத்தில் பாதி, அதாவது சுமார் 27 மில்லிமீட்டர், டிஃபுக்கு அடியில் கூடும். ஆனால் கியர் 7 சதவீதம் நீண்டதுபோல் ஆகிவிடும், அதாவது சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு வண்டி அவ்வளவு கூடுதல் தூரம் ஓடும். ஸ்பீடோமீட்டர் சரியாகக் காட்டிவந்த வண்டி என்றால், முள் 100 காட்டும்போது உண்மையில் 107 ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

டயரைவிட மலிவானது அதற்குள் இருக்கும் காற்று. இரண்டு டன் வண்டியில் ஒரு சக்கரத்துக்கு ஏறக்குறைய 500 கிலோ. காற்றழுத்தத்தை பார் என்ற அலகில் அளப்பார்கள்; 2.2 பார் அழுத்தத்தில் தரையில் பதியும் பரப்பு சுமார் 230 சதுர சென்டிமீட்டர், அழுத்தத்தைப் பாதியாக்கினால் அது ஏறத்தாழ இரட்டிப்பாகும். தடம் அகலத்தைவிட நீளத்தில்தான் கூடுகிறது. மணலில் 1 பாருக்கு அருகில் வரை இறக்கலாம். கல்பாதைக்கு 1.6 பார் போதும், ரப்பர் கல்லைச் சுற்றி மடிந்து பிடித்துக்கொள்ளும். அப்புறம் தார்ச்சாலைக்குத் திரும்பியதும் காற்றைப் பழையபடி நிரப்பியே ஆக வேண்டும், அதற்கு 12 வோல்ட் காற்று பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும். மணல் என்றதும் கடற்கரைக்குக் கிளம்பிவிடாதீர்கள், 2002 தொடக்கத்திலிருந்து தென்னாப்பிரிக்கக் கடற்கரைகளில் பொழுதுபோக்குக்காக வண்டி ஓட்டத் தடை.

யாரும் கண்டுகொள்ளாத இன்னொரு செலவு, சில மீட்டர் ரப்பர் குழாய். ஓடி ஓடிச் சூடான டிஃப் குளிர்ந்த ஓடைக்குள் இறங்கியதும் அதற்குள் இருக்கும் காற்று சுருங்கும். மேலே இருக்கும் சிறு மூச்சுத்துளை மண்ணடைத்துக் கிடந்தால், எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் வழியாக டிஃப் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மாமா டிஃபின் வடிகால் போல்ட்டைக் கழற்றியபோது எண்ணெய் பால் தேநீர் நிறத்தில் வடிந்தது. ஓடை கடந்த ஒரே நாளின் வேலை அது! இப்போது அந்தத் துளையிலிருந்து ஒரு குழாய் போட்டுப் பானெட்டுக்குள் உயரே கொண்டுபோய்க் கட்டியிருக்கிறோம்.

சானி உச்சியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால்வாசிதான். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் கிட்டத்தட்டக் கால்பங்கு வலுவை இழக்கும். அதை ஈடுகட்ட லோ ரேஞ்ச் என்ற கூடுதல் கியர்நிலை இருக்கிறது. இந்தப் பஜேரோவில் அது விசையை ஏறத்தாழ 1.9 மடங்காக்கும், வேகத்தை அதே விகிதத்தில் குறைக்கும். இறங்கும்போது இதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். முதல் கியரில் காலை எடுத்துவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பட்டைகள் சூடேறி, பிரேக் திரவம் கொதித்து, கடைசி வளைவில் மிதி பஞ்சுபோல் உள்ளே போய்விடும். இந்த முறை நாங்கள் கீழே எல்லைச் சாவடியில் இறங்கி முன்சக்கரத்தின் ரிம்மைத் தொட்டுப் பார்த்தோம். கை வைக்கிற சூடுதான் இருந்தது.