சமஷ்டி: ஒரு சொல்லின் மேடை வாழ்க்கை

திருகோணமலையில் தமிழ் அரசியல் கூட்டம் ஒன்றுக்குப் போய், ‘சமஷ்டி’ என்ற சொல்லைக் கேட்காமல் வீடு திரும்புவது அரிது. அதன் பொருள் என்னவென்று கூட்டத்தில் இருப்பவரைக் கேட்டால், “பதின்மூன்றுக்கு மேலே, தனிநாட்டுக்குக் கீழே” என்பது போன்ற பதில்தான் வரும். (பதின்மூன்று என்பது மாகாண சபைகளை உண்டாக்கிய 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம்.) அரசியலுக்கு அது போதும், சொல்லுக்குப் போதாது.

சமஷ்டி வடசொல். தொகுதி, முழுமை, ஒன்றாகத் திரண்டது என்று பொருள்படும். வேதாந்தத்தில் இதன் எதிர்ச்சொல் ‘வியஷ்டி’, அதாவது தனித்தனி. மரம் வியஷ்டி, காடு சமஷ்டி என்று உதாரணம் சொல்வார்கள். ஆட்சிமுறையோடு எந்த உறவும் இல்லாதிருந்த இந்தச் சொல்லைத்தான் இலங்கைத் தமிழர், மத்திய அரசும் மாகாணங்களும் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் ‘பெடரல்’ ஆட்சிமுறைக்கு ஈடாக எடுத்துக்கொண்டார்கள். ‘பெடரல்’ என்பதன் வேர் ‘உடன்படிக்கை’ எனப் பொருள் தரும் ஓர் இலத்தீன் சொல். ஆக, இலத்தீனில் இரு தரப்பினர் எதிரெதிரே அமர்ந்து உடன்படுகிறார்கள். வடமொழியில் உறுப்புகள் முழுமையில் அடங்குகின்றன. பிரிவினையின் வாடை இரண்டிலும் இல்லை. அந்த வாடையை ஏற்றியது மேடைதான்.

1949 டிசம்பரில் உருவான கட்சிக்கு ஆங்கிலத்தில் ‘பெடரல் கட்சி’ என்று பெயர். தமிழில் ‘இலங்கைத் தமிழரசுக் கட்சி’. ஆங்கிலப் பெயர் ஓர் ஆட்சிமுறையைச் சொன்னது. தமிழ்ப் பெயரோ ‘அரசு’ என்றது. அரசு என்றால் அரசாங்கமும் ஆகும், நாடும் ஆகும். கட்சிக்காரர்கள் முதற்பொருளைச் சொன்னார்கள். தெற்கில் எதிர்த்தவர்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்கள். கட்சியின் முதல் தேசிய மாநாடு 1951இல் கூடியது திருகோணமலையில். சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்த 1956ஆம் ஆண்டின் ஆகஸ்டில் மறுபடியும் இங்கேதான் கூடினார்கள். சமஷ்டி அரசியலமைப்பு, தமிழுக்குச் சம அந்தஸ்து, மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டங்களை நீக்குதல், தமிழ்ப் பகுதிகளில் அரச குடியேற்றத்தை நிறுத்துதல் என்று கேட்டு, அரசுக்கு ஓராண்டு தவணையும் கொடுத்தார்கள். அதன் விளைவாக 1957 ஜூலையில் வந்த ஒப்பந்தம், பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சியின் செல்வநாயகமும் செய்தது, சமஷ்டியைத் தரவில்லை. பிரதேச சபைகளைப் பற்றித்தான் பேசியது. அதுவும் 1958 ஏப்ரலில் கைவிடப்பட்டது. சமஷ்டி கிடைக்காத ஒப்பந்தத்தையும் சமஷ்டி பற்றிய அச்சம் விடவில்லை.

இதே சமஷ்டி யோசனையை 1926இல் இலங்கைக்குப் பரிந்துரைத்தவர் அதே பண்டாரநாயக்காதான். அடுத்த ஆண்டில் அரசியல் சீர்திருத்தத்தை ஆராய வந்த பிரிட்டிஷ் டொனமூர் ஆணைக்குழுவிடம் அதைக் கேட்டவர்கள் கண்டிச் சிங்களத் தலைவர்கள். அப்போது அது துரோகமாகப் படவில்லை. கேட்ட வாய் மாறியபோது சொல்லின் நிறமும் மாறியது.

சிங்கள மேடையில் நடந்தது இன்னும் நுட்பமானது. சிங்களத்தில் இதற்கு ‘சந்தீய’ என்ற சொல் உண்டு. நம் இலக்கணத்தில் வரும் சந்திக்கு உறவான சொல், இணைவதைத்தான் குறிக்கிறது. ஆனால் மேடையில் முழங்குவது ‘பெடரல்’ என்ற அந்நியச் சொல். இணைப்பைச் சொல்லும் உள்ளூர்ச் சொல்லை எடுத்தால் அச்சத்தை மூட்டுவது கடினம் என்பதாலோ என்னவோ! எதிர்ப்பக்கத்தில் நிற்கும், ஒற்றையாட்சியைக் குறிக்கும் ‘ஏகீய’ என்பதோ உள்ளூர்ச் சொல். ‘ஒன்று’ என்பதைத் தன்னுள்ளே வைத்திருப்பது. அதை மறுப்பவர் ஆட்சிமுறை ஒன்றை மறுப்பவராகத் தெரிவதில்லை, நாட்டின் ஒருமையையே மறுப்பவராகத் தெரிகிறார். 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பில் ஒற்றையாட்சி எழுதப்பட்டபின் இந்தத் தோற்றத்துக்குச் சட்டத்தின் வலுவும் சேர்ந்தது. புதிய அரசியலமைப்புக்காக 2017இல் வெளிவந்த இடைக்கால அறிக்கை சிங்களத்தில் ‘ஏகீய ராஜ்ய’ என்பதை வைத்துக்கொண்டு, தமிழில் ‘ஒருமித்த நாடு’ என்று எழுதிப் பார்த்தது. இரு பக்கத்திலும் சந்தேகம்தான் மிஞ்சியது.

திருகோணமலையின் நெடுங்கால நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த, 2024இல் மறைந்த இரா. சம்பந்தன் தீர்வைப் பற்றிப் பேசும்போது, ‘ஒன்றுபட்ட, பிளவுபடாத, பிரிக்க முடியாத நாட்டுக்குள்’ என்ற கருத்தை முன்னே வைப்பது வழக்கமாக இருந்தது. ஒரே பொருளுக்கு மூன்று அடை; இலக்கணத்துக்கு ஒன்றே போதும். மற்ற இரண்டும் தெற்கில் இருக்கும் கேட்போருக்கானவை என்று நினைக்கிறேன். கொள்கையை நேரே சொல்லும் வாக்கியத்தைவிட, இத்தகைய அடைமொழிகளில்தான் பேச்சாளர் யாருக்கு விடை சொல்கிறார் என்பது வெளிப்படும்.

இனி, தமிழில் எப்படிச் சொல்வது? இரண்டு சொற்கள் போட்டியில் உள்ளன. தமிழ்நாட்டில் ‘கூட்டாட்சி’ நிலைத்துவிட்டது. ‘மாநிலத்தில் சுயாட்சி, மத்தியில் கூட்டாட்சி’ என்ற தி.மு.க. முழக்கம் அதைப் பட்டிதொட்டிக்குக் கொண்டுபோனது. பல கட்சிகள் சேர்ந்து ஆள்வதோடு அது குழம்பும் என்பது ஒரு குறை. மற்றது ‘இணைப்பாட்சி’. தமிழரசுக் கட்சி 2008இல் தன் யாப்பில், அதாவது கட்சியின் அமைப்பு விதிகளில், சமஷ்டியை நீக்கி இதைச் சேர்த்தது. தனி நாடுகளின் கூட்டைத்தான் இச்சொல் குறிக்கிறது, ஆகவே பிரிவினை கேட்கிறார்கள் என்று உயர் நீதிமன்றத்தில் வழக்கே வந்தது. இரண்டு சொல்லுக்கும் பொருள் ஒன்றுதான் என்றது கட்சி. நாட்டுக்குள்ளே சமஷ்டி கேட்பது பிரிவினை ஆகாது என்று 2017 ஆகஸ்டில் மனு தள்ளுபடியானது.

திருகோணமலையில் இணைப்பாட்சிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1988இலிருந்து 2006 இறுதிவரை இணைந்திருந்த வடக்கு – கிழக்கு மாகாணத்தின் தலைமையிடம் இந்த நகரம். இங்கே ‘இணைப்பு’ என்று தொடங்கினாலே காது அந்த மாகாண இணைப்பைப் பற்றிய பழைய வழக்குக்குப் போய்விடும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அதை வெவ்வேறாகக் கேட்பார்கள். ஆகவே நான் கூட்டாட்சி என்றே எழுதுவேன். கட்சிகள் சேர்ந்து ஆள்வதைக் ‘கூட்டணி ஆட்சி’ என்று பிரித்துச் சொல்லிவிட்டால் குழப்பம் தீரும். பழைய தீர்மானங்களை எடுத்துக்காட்டும்போது மட்டும் சமஷ்டியை அப்படியே விடலாம். தனித்தமிழ் ஆர்வத்தில் அதைச் ‘சமட்டி’ ஆக்கவேண்டாம். அவசரத்தில் படிப்பவர் சம்மட்டி என்று படித்துவிடுவார்.