350 கிலோமீட்டர் வேகமும் ஒரே ஒரு நிறுத்தமும்

வியட்நாம் தலைநகர் ஹனோயிலிருந்து ஹா லாங் விரிகுடாவுக்கு அதிவேக ரயில் விடும் திட்டத்தில் எல்லோர் கண்ணிலும் படுவது 350 என்ற எண்தான். மணிக்கு 350 கிலோமீட்டர். பாதையோ சுமார் 120 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் இருபது நிமிடம் சொச்சம்.

கிளம்பியதும் ரயில் அந்த வேகத்தைத் தொட்டுவிடாது. ஒவ்வொரு நொடியும் வேகம் சராசரியாக நொடிக்கு 0.3 மீட்டர் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உச்ச வேகத்துக்கு வரவே ஐந்தரை நிமிடம் ஆகும். அதற்குள் 16 கிலோமீட்டர் ஓடியிருக்கும். பயணிகள் தடுமாறாமல் நிறுத்த இன்னொரு 9 கிலோமீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 25 நிமிடம். இதே கணக்கை 250 கிலோமீட்டர் வேகத்துக்குப் போட்டால் 32 நிமிடம் வருகிறது. மிச்சம் ஏழே நிமிடம்தான். காற்றின் எதிர்ப்போ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், 250-ஐ விட 350-இல் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும்.

சரி, வழியில் ஒரே ஒரு நிலையத்தில் நின்றால்? வேகத்தைக் குறைத்து, இரண்டு நிமிடம் நின்று, மறுபடி வேகம் பிடிப்பதற்குள் ஆறு நிமிடத்துக்கு மேல் போய்விடும். 350-இல் ஓடி மிச்சம் பிடித்தது ஏறக்குறைய அங்கேயே காலி. தடம் பாக் நின், ஹாய் போங் வழியாகப் போகிறது. அந்த ஊர்க்காரர்கள் நிலையம் கேட்காமல் இருப்பார்களா? குறுகிய பாதையில் நிறுத்தப் பட்டியல்தான் நிஜமான வேகம் என்பேன்.

350-க்கு வளைவுகளின் ஆரம் சுமார் 7 கிலோமீட்டர் இருக்க வேண்டும். ஊரை ஒதுக்கி, மலையைச் சுற்றி வளைந்து போகும் பேச்சுக்கே இடமில்லை.

இதைவிடப் பெரிய தலைவலி மண். பாதை போகும் செவ்வாற்றுப் (Red River) படுகை முழுக்க மென்மையான வண்டலும் களிமண்ணும். ரயில் ஓடும்போது தரையில் அதிர்வலை கிளம்பும். நெகிழ்ந்த களிமண்ணில் அந்த அலை மெதுவாகவே நகரும். சில இடங்களில் மணிக்கு 200 கிலோமீட்டரைக்கூடத் தொடாது. ரயில் அந்த வேகத்தை எட்டினால் தன் அலையின் மேலேயே ஏறி ஓடுகிறது, தன் முன்னலையை முட்டும் படகு மாதிரி. தண்டவாளத்தின் அசைவு பல மடங்காகும். 1990-களின் கடைசியில் சுவீடனின் லெட்ஸ்கார்டில் இப்படி நடந்து, வேகத்தைக் குறைத்தார்கள். அப்புறம் சுண்ணாம்பும் சிமெண்டும் மண்ணோடு கலந்த தூண்களை நிலத்துக்குள் உருவாக்கி இறுக்கினார்கள். படுகை நிலங்களில் இப்போது அதிவேகப் பாதையைப் பெரும்பாலும் பாலத்தின் மேல் ஏற்றி, பாரத்தை ஆழத்திலுள்ள கெட்டியான அடுக்குக்கு இறக்கிவிடுகிறார்கள்.

ஹா லாங்கை நெருங்கினால் சிக்கல் வேறு. அங்கே கடலிலிருந்து செங்குத்தாக எழும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளில் பெரும்பாலானவை சுண்ணாம்புப் பாறை. 1994-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை. லேசான அமிலத்தன்மை கொண்ட மழைநீர் பாறையைக் கரைத்துக் கரைத்துச் செதுக்கிய அழகு அது. சுண்ணாம்புப் பாறை இருக்கும் இடத்தில் நிலத்தடியிலும் அதே கரைதல் நடந்திருக்கும். மேலே தெரியாமல் குகைகள் இருக்கும். அதனால் இத்தகைய நிலத்தில் பாலத்தின் ஒவ்வொரு தூணுக்கும் தனித்தனியாகத் துளையிட்டுப் பார்க்க வேண்டும். வெற்றிடம் அகப்பட்டால் சிமெண்டுக் கலவையால் நிரப்பலாம், அல்லது தூணைக் குகையின் அடித்தளத்துக்கும் கீழே இறக்கலாம்.