சோலைக்கிளி: கிளியே இல்லாத கிளி

சோலைக்கிளின்னதும் பச்சை உடம்பும் சிவப்பு மூக்குமா ஒண்ணு ஞாபகம் வருதுல்ல, அது இல்லைங்க இது. மேற்குத் தொடர்ச்சி மலையோட உசரத்துக் காடுகள்ல மட்டும் இருக்குற, சிட்டுக்குருவி சைஸ்ல, நீலமும் சாம்பலும் கலந்த ஒரு பாட்டுப் பறவை. விடியறதுக்கு முன்னாடியே விசில் அடிக்க ஆரம்பிச்சுடும், அப்புறம் வெளிச்சம் சரியா விழாத இடமா பாத்து ஈரச் சருகு மேல தத்தித் தத்திப் பூச்சி பொறுக்கிட்டுத் திரியும்.

அப்போ கிளி எங்கேருந்து வந்துச்சு? மலையாளத்துலேருந்து. அங்க சின்னப் பறவை எல்லாமே கிளிதான், நாம கிளிங்கறதை அவங்க தத்தம்மாங்க. சோலை நம்ம வார்த்தை. இன்னைக்கு அது தோப்பு, பூங்கான்னு ஆயிடுச்சு, ஆனா மலைக்காடுங்கற அர்த்தமும் பழசுதான், திருமுருகாற்றுப்படை கடைசி வரியே ‘பழமுதிர் சோலை மலைகிழவோனே’ன்னுதானே முடியுது. புல்வெளிக்கு நடுவுல பள்ளத்துல குட்டை மரங்களா அடர்ந்து நிக்கிற காட்டுக்கு இங்கிலீஷ்காரங்களும் இதே சொல்லை எடுத்துக்கிட்டு ஷோலான்னாங்க.

அறிவியல் பேருதான் பெரிய கூத்து. ஒரு காலத்துல குட்டை இறக்கைன்னு அர்த்தம் வர்ற பிராக்கிப்டெரிக்ஸ்ல வெச்சாங்க, அப்புறம் மயோமெலான்னு மாத்துனாங்க, கடைசில டிஎன்ஏ பாத்தா ரெண்டுலயும் சேரல, ஈப்பிடிப்பான்களுக்குத்தான் சொந்தம்னு தெரிஞ்சுது. அதனால 2017ல தனிப் பேரினமாவே ஆக்கி ஷோலிகோலான்னு வெச்சாங்க, நம்ம சோலையோட, குடியிருக்கிறதுங்கற லத்தீன் ஒட்டு சேந்தது.

இனம் பிரியறது மலையோட இடைவெளியால. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்க, நீலகிரிலேருந்து கர்நாடகாவோட பாபாபுடன் மலை வரைக்கும் இருக்குறதுக்கு வயித்துப் பக்கவாட்டுல செம்பழுப்பு இருக்கும். தெக்க ஆனைமலை, பழனிமலைல இருக்குறதுக்கு அது கிடையாது, வயிறு வெள்ளை. செங்கோட்டைக் கணவாயையும் தாண்டி அகத்தியமலைப் பக்கம் இருக்குறது, அந்த மலைகளோட இன்னொரு பேரையே வாங்குன அசம்பு இனம், அதையும் 2017லதான் தனி இனமா பிரிச்சாங்க. றெக்கை இருக்குற பறவைதான், ஆனா உசரத்துக் காட்டை விட்டு சூடான கணவாய்ல இறங்கி அந்தப் பக்கம் போகாது போல, அப்படியே ஆளுக்கொரு மலைன்னு தனித்தனியா ஆயிடுச்சு.

கிளின்னா நமக்குக் குழப்பமாச்சே, அப்போ தமிழ்ல என்ன சொல்றது? என் ஓட்டு சோலைச்சிட்டுக்கு. தேன்சிட்டு, தையல்சிட்டுன்னு சின்னப் பறவைக்குச் சிட்டு போடுறது நமக்குப் பழக்கம்தான். நீலகிரி சோலைச்சிட்டு, வெண்வயிற்றுச் சோலைச்சிட்டு, அசம்பு சோலைச்சிட்டு, மூணுமே வாய்ல நல்லாத்தான் வருது.