பாண்டியில் ரூம் போடும் முன்: பீச் பக்கம் என்றால் எந்த பீச்?

"பீச்சிலிருந்து 500 மீட்டர்" என்ற ஒரு வரியை நம்பித்தான் பலர் புதுச்சேரியில் ரூம் போடுகிறார்கள். அந்த வரி பெரும்பாலும் பொய் இல்லை. எந்த பீச் என்பதைத்தான் சொல்லாது. செரினிட்டி பீச் விளம்பரத்தில் பாண்டி என்றுதான் இருக்கும். இடமோ ஊருக்கு வடக்கே, கோட்டக்குப்பம் தாண்டி, தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில். நகரின் கடற்கரைச் சாலையில் உள்ள காந்தி சிலையிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர். இரவுச் சாப்பாட்டுக்கு ஊருக்குள் வந்து திரும்பினால் ஆட்டோக்காரர் சொல்வதுதான் கட்டணம். இடையில் மாநில எல்லை வேறு. பாண்டியில் வாங்கிய மதுபாட்டிலோடு அந்தப் பக்கம் ரூமுக்குப் போனால் மதுவிலக்கு வழக்கில் மாட்டலாம்.

முகவரியில் பின்கோடைப் பாருங்கள். 605001 என்றால் நகரம். 605104 கோட்டக்குப்பம் பக்கம், 605101 ஆரோவில். பின்கோடு போடாத விளம்பரமா? போன் செய்து வீதியின் பெயரைக் கேளுங்கள். 'ஒயிட் டவுனுக்குப் பக்கம்' என்பது பதில் ஆகாது.

ஒயிட் டவுன் என்பது பழைய பிரெஞ்சுக்காரர் பகுதி, பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள சில வீதிகள் மட்டும்தான். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகள் ஓடாது. நடப்பவருக்கு அது சொர்க்கம். பெட்டி படுக்கையோடு ஏழு மணிக்கு வந்து இறங்குபவருக்குத் தலைவலி. கடலைப் பார்த்த ஹோட்டல் என்றால் பின் வீதியில் வாசல் உண்டா, கார் எங்கே நிற்கும் என்று முன்பே கேட்டுவிடுங்கள். குளிக்கலாம் என்று வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை: 1980களில் தெற்கே துறைமுகத் தடுப்புச்சுவர் வந்தபின் வடக்கே நகரும் மணல் தடைபட்டு இந்தக் கரை கரைந்தது. கரையோரம் கிடக்கும் பாறைகள் அரிப்பைத் தடுக்கக் கொட்டியவை. தலைமைச் செயலகம் எதிரே இப்போது கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது. ஆனாலும் இது நடக்கிற கரைதான், குளிக்கிற கரை இல்லை.

அரவிந்தர் ஆசிரம விடுதிகளில் சுத்தமும் கடல் காற்றும் கிடைக்கும், வாடகையும் நியாயம். இரவு 10.30க்கு கேட் பூட்டிவிடும். மது, சிகரெட் கூடாது. ஒத்துவந்தால் அதைவிட நல்ல இடம் இல்லை.

குடும்பத்தோடு வருபவர்களுக்கு நாங்கள் காட்டுவது வாய்க்காலுக்கு மேற்கே, மிஷன் வீதியைச் சுற்றிய தமிழர் பகுதியை. கடலுக்குக் கால் மணி நேர நடை, இட்லிக்கு அதுகூட வேண்டாம். இங்கே பழைய வீடுகள் பல விடுதியாகிவிட்டன. திண்ணையும் முற்றமும் போட்டோவில் அழகாக இருக்கும். போட்டோவில் தெரியாதவை சில: அறையின் ஒரே ஜன்னல் முற்றத்தைப் பார்த்திருக்கும், கீழே நான்கு பேர் உட்கார்ந்து பேசினால் மாடியில் தூக்கம் போகும். படிக்கட்டு குறுகல், செங்குத்து, லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலியுள்ள பெரியவர் இருந்தால் தரைத்தள அறை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காந்தி வீதியில் ரூம் என்றால் ஞாயிற்றுக்கிழமை காரில் வராதீர்கள்; சண்டே மார்க்கெட் கடைகள் வீதியை அடைத்துவிடும்.

ஜிப்மர் மருத்துவமனைக்கு வருபவர்கள் இதையெல்லாம் மறந்துவிட்டு கோரிமேட்டிலேயே தங்குவது நல்லது. காலையில் சீட்டுப் பதிய நிற்க வேண்டியவருக்குக் கடற்கரை எதற்கு? ஆரோவில்லின் தியான மண்டபமான மாத்ரிமந்திரின் உள்ளே அமர முன்பதிவு கிடைத்திருந்தால் முதல் நாள் இரவு ஆரோவில் பக்கம். வெளியிலிருந்து பார்க்க மட்டும் என்றால் நகரத்திலிருந்து அரை நாள் போதும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிறவர்கள் ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் வாடகை மலிவாக இருக்கிறதே என்று பாயாதீர்கள். தாழ்வான பகுதி. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது அங்கே வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கட்டடம் எத்தனை படி உயரத்தில் இருக்கிறது, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா என்று கேளுங்கள்.

பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, நவம்பர் 24 ஆசிரமத்தின் தரிசன நாட்கள். புத்தாண்டு இரவைச் சொல்லவே வேண்டாம். அந்தத் தேதிகளில் எந்தப் பகுதி என்று யோசிக்க நேரம் இருக்காது, கிடைத்த ரூம்தான்.