அரை மில்லிமீட்டர் தோல்

"ஹார்டுவேர் கடையில் 6 மி.மீ. பிளைவுட் வாங்கி, பழைய டேபிள் டென்னிஸ் (டிடி) பேட்டை மேலே வைத்து வரைந்து ஜிக்ஸாவில் அறுத்துவிட்டேன். ரப்பரும் ஒட்டியாயிற்று. பந்து பட்டால் செங்கல்லில் பட்ட மாதிரி இருக்கிறது. கடை பேட்டும் பிளைவுட்தானே, அப்புறம் ஏன் இப்படி?" என்று கேட்டிருக்கிறார் ஒரு கல்லூரி மாணவர்.

முதலில் எடை. பேட்டின் முகம் ஏறக்குறைய 195 சதுர செ.மீ. ஹார்டுவேர் கடை பிளைவுட்டின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 0.65 கிராம் என்று வைத்தால் முகம் மட்டுமே 76 கிராம். கைப்பிடி சேர்ந்தால் நூறைத் தாண்டும். கடையில் விற்கும் பிளேடுகள், அதாவது ரப்பர் ஒட்டாத மரப் பேட்டுகள், பெரும்பாலும் 80 முதல் 95 கிராம்தான். இது சுலபமான பாதி. எனக்குப் பிடித்தது மற்றப் பாதி: விறைப்பு.

ஒரு நூறு பக்க நோட்டை எடுத்து வளையுங்கள். ஓரத்தைப் பார்த்தால் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் படிக்கட்டு மாதிரி நிற்கும். பிளைவுட்டில் அந்த வழுக்கலைப் பசை தடுத்துவிடுகிறது. வழுக்க முடியாத பலகை வளைய வேண்டுமென்றால் ஒரு பக்கத் தோல் இழுபட வேண்டும், மறுபக்கத் தோல் நசுங்க வேண்டும். நட்டநடுவில் இருக்கும் மரத்துக்கு இரண்டு கஷ்டமும் இல்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறது. நடுவிலிருந்து விலக விலக இழுபடும் அளவும் கூடும், அது எதிர்த்துத் தள்ளும் நெம்புகோலின் நீளமும் கூடும். அதனால்தான் தூரத்தின் வர்க்கம் கணக்கில் வருகிறது. எல்லா அடுக்கையும் கூட்டினால் விறைப்பு தடிமனின் மும்மடியாக (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏறும். இரண்டு தகடுகளைச் சும்மா அடுக்கினால் விறைப்பு இரண்டு மடங்கு. ஒட்டினால் எட்டு மடங்கு.

இதை 6 மி.மீ. பிளேடில் போட்டுப் பாருங்கள். எல்லாம் ஒரே மரம், ஒரே ரேகைத் திசை (மரநார் ஓடும் திசை) என்றே கொள்வோம். நடுவில் இருக்கும் 4 மி.மீ. கட்டை தரும் விறைப்பு 30 சதவீதம். மேலும் கீழும் தோலாக உள்ள அரை அரை மி.மீ. வெனீர் (மெல்லிய மரத்தாள்), அதாவது மொத்த மரத்தில் ஆறில் ஒரு பங்கு, தருவது 42 சதவீதம்! முதல்முறை கணக்குப் போட்டபோது நம்பாமல் இன்னொரு தடவை போட்டேன்.

ஆகவே வெனீரை வெளியிலிருந்து உள்ளே தேர்வு செய்ய வேண்டும். தோலுக்கு மேற்கு ஆப்பிரிக்க மரமான லிம்பா என்றால் கொஞ்சம் மென்மை, வளைந்து கொடுக்கும். சுழற்றி ஆடுபவர்களுக்குப் பிடிக்கும். கோட்டோ அதைவிடக் கடினம், பந்து 'டக்'கென்று கிளம்பும். நடுவில் எடை குறைவாக இருந்தால் போதும்: அயூஸ், அதைவிட லேசான கிரி, பஞ்சு போன்ற பால்சா. தோலுக்கும் நடுக்கட்டைக்கும் இடையிலுள்ள இரண்டாம் அடுக்கின் ரேகையைக் குறுக்கே திருப்பி வைப்பார்கள். ரேகைக்குக் குறுக்கே மரத்தின் விறைப்பு பத்தில் ஒரு பங்கோ அதற்கும் கீழோதான், அதனால் அகலவாக்கில் தாங்க ஓர் ஆள் வேண்டும். ஜப்பானிய ஹினோக்கி மரத்தின் ஒற்றைப் பலகை பேட்டில் அந்த ஆள் இல்லை. 9, 10 மி.மீ. தடிமனை வைத்துச் சமாளிக்கிறார்கள்.

சில பிளேடுகளில் மர அடுக்குகளுக்கு நடுவே வைக்கும் கார்பன் நார்த் துணி விஷயமும் இதே கணக்குதான். ஒரே கார்பன் துணியை நடுக்கட்டையை ஒட்டி, மையத்திலிருந்து 2 மி.மீ. தள்ளி வைக்கலாம், தோலுக்கு அடியில் 2.5 மி.மீ. தள்ளியும் வைக்கலாம். அந்த அரை மி.மீ. நகர்த்தலில் அதன் பங்கு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும். தடிமனில் 85 சதவீதம் இயற்கை மரமாக இருக்க வேண்டும், ஒரு நார் அடுக்கு 0.35 மி.மீ.யைத் தாண்டக்கூடாது என்கிறது சர்வதேச விதி. அந்தக் கடிவாளத்துக்குள் இவ்வளவு விளையாட்டு.

இதையெல்லாம் விட்டுவிட்டு அட்டையில் 'வேகம் 9.5, கட்டுப்பாடு 8' என்று அச்சடித்திருப்பதை நம்பி வாங்குகிறவர்களைப் பார்த்தால் ராசிபலன் ஞாபகம்தான் வருகிறது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஓர் அளவுகோல். பிளேடை இரண்டு விரலில் தொங்கவிட்டுத் தட்டி, ஒலியை ஃபோன் ஆப்பில் பாருங்கள். விறைப்பு கூடினால் சுருதி ஏறும், எடை கூடினால் இறங்கும். பைசா செலவில்லை. பிளைவுட்டுக்கென்றே நம் விவசாயிகள் வளர்க்கும் மலைவேம்பை இப்படித் தட்டிப் பார்க்க ஒரு மாணவர் திட்டத்துக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

ஒட்டும்போது ஓர் எச்சரிக்கை. என் முதல் பிளேடில் ஒரு பக்க வெனீரை இன்றைக்கு, மறுபக்கத்தை நாளைக்கு என்று வைத்தேன். வெள்ளைப் பசையின் தண்ணீரைக் குடித்து உப்பிய வெனீர், காயும்போது சுருங்கி நடுக்கட்டையையும் சேர்த்து இழுத்துவிட்டது. காலையில் பார்த்தால் பொரித்த அப்பளம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், ஒரே அளவு பசையில் ஒட்டி, சமமான பலகைகளுக்கு நடுவில் வைத்து, கிளாம்பை முறுக்கி ராத்திரி முழுக்க விட வேண்டும்.

கேள்வி கேட்ட தம்பிக்கு: மிச்சமிருக்கும் அந்த 6 மி.மீ. பிளைவுட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மேலும் கீழும் மும்மூன்றாகச் சேர்த்து ஒட்டி அழுத்துபலகை ஆக்கிக்கொள்ளுங்கள். அங்கே எடையைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை.